ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்து வைத்த ரோசி அக்கா

ரோசி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் டோல்கேட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் அவருடைய தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் சேகர். "நைனா, எங்க கீற? அக்காவுக்குக் காலைல நெஞ்சு வலி வந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சி போச்சு நைனா" என்றான். நான் அவனைத் திட்டினேன். விடிந்ததும் விடியாததுமாக என்ன பேச்சு இது, உனக்கு வேறு வேலை இல்லையா என்று கத்தினேன். பஸ் நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சேகர் அழுதுகொண்டே இருந்தான். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

ஒருவழியாகத் திருவொற்றியூர் போய்ச் சேர்ந்தால், தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அக்காவின் படத்துக்குக் கீழே "அமைதியின் திருவுருவமே" என்று போட்டிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ரோசி அக்காவா அமைதி? அவர் வாயைத் திறந்தால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போகிறவன் நின்று கேட்பான். செத்துப் போனால் போதும், எல்லோரையும் சாதுவாக்கி மாலை போட்டுவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அக்காவுக்கு அதைச் செய்ய நான் விடப்போவதில்லை. அவரோடு பழகிய நீங்களும் விடக்கூடாது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரோஸ்லின் என்பது ஞானஸ்நானப் பெயர். பிறந்தது இராயபுரம், வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூர். கபடி ஆட்டக்காரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஒரே சரக்கு யார்டு அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து இருவரும் ஓய்வு பெற்றோம். நான் வியாசர்பாடிக்காரன். வேலையில் சேர்ந்த அன்றே என்னை "இன்னா நைனா" என்று கூப்பிட்டார். அதோடு என் சொந்தப் பெயர் போயிற்று, ஊரே நைனா என்கிறது. பிறகு அவர் மகள் ஷீலாவும் என் மகன் கபிலனும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சம்பந்தி ஆன பிறகும் அவருக்கு நான் நைனாதான், எனக்கு அவர் அக்காதான்.

யார்டில் பெண்களுக்கென்று ஓர் ஓய்வறை இருந்தது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர் அதில் பழைய கோப்புகளை அடுக்கிப் பூட்டுப் போட்டுவிட்டார். மனு எழுதலாம் என்றேன். எனக்கு எதற்கெடுத்தாலும் மனுதான். அக்கா மதியம் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த அதிகாரியின் அறைக்குள் போனார். அவர் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து, வஞ்சிரம் வறுவலை எடுத்து வைத்து, சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தார். அதிகாரி சுத்த சைவம். "என்னம்மா இது?" என்று எழுந்தே விட்டார். "சாப்டற எடத்தைப் பூட்டிட்டீங்களே சார். நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் ஓரமா சாப்ட்டுகினு கீறேன்" என்றார் அக்கா. மறுநாள் இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், நெத்திலியோடு. அந்த வாரம் முடிவதற்குள் கோப்புகள் இடம் மாறின.

"சண்டை போட்டா அவனுக்குப் பதில் சொல்லத் தெரியும் நைனா. சும்மா உக்காந்துட்டா இன்னா பண்றதுன்னு தெரியாது" என்பார். இதைக் கபடியில் கற்றதாகவும் சொல்வார். எதிராளியின் கோட்டுக்குள் போய்விட்டாலும் மூச்சை விடாதவரை நீ அவுட் இல்லை, அவ்வளவுதான் ஆட்டம் என்பார். அவருக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் டிபனில் கேட்காமல் கை வைப்பார். தன் தப்பைத் தப்பென்று ஒத்துக்கொண்டதாக வரலாறே கிடையாது. அவரோடு நான் பேசாமல் இருந்த மாதங்கள் உண்டு.

பேரன் பிறந்தபோது இருவரும் ஸ்காட்லாந்துக்குப் போனோம். ஷீலா அங்கே டண்டீ என்ற ஊரில் நர்ஸ். என் மனைவிக்கு முட்டி வலி, குளிர் ஆகாது என்று வரவில்லை. ஒரு வார இறுதியில் பிள்ளைகள் எங்களைப் பக்கத்திலிருக்கும் பழைய கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று பெயரைக் கேட்டதுமே அக்காவுக்கு உறவு கிடைத்துவிட்டது. இராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் இராயப்பர், அதாவது இயேசுவின் சீடர் பேதுரு. அவருடைய உடன்பிறந்தவர் அந்திரேயா, இங்கிலீஷில் ஆண்ட்ரூ. அவர் பெயரில்தான் அந்த ஊர். "நம்ம இராயப்பர் கூடப் பொறந்தவர் ஊரு நைனா. மொத மொத போறோம், வெறுங்கையோடவா போறது?" என்று கோயிலில் நேர்ச்சைக்குப் போடும் உப்பையும் மிளகையும் பொட்டலம் கட்டி, மெழுகுவர்த்தியோடு பையில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை போய் இறங்கினோம். கடலை ஒட்டிப் பெரிய தேவாலயம். ஆனால் கூரை இல்லை, பீடம் இல்லை. நெட்டையான சுவர்களும் நடுவில் புல்தரையும்தான். எப்போதோ இடிந்து போனது, அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள் என்றான் கபிலன். அக்கா சுற்றிச் சுற்றி வந்தார். "நம்ம இராயப்பர் வூட்ல கொடியேத்தம், தேரு, பேண்டு வாத்தியம். இவரு வூட்ல கூரை கூட இல்லியே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். மெழுகுவர்த்தியை ஏற்றினார். கடல்காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைந்தது. கடைசியில் ஒரு சுவரின் காலடியில் உப்பையும் மிளகையும் கொட்டிவிட்டு, "கூரை போனா போவுது. எடம் கீது இல்ல?" என்றார்.

மதியத்துக்கு மேல் கடற்கரைப் பக்கம் நடந்தோம். அங்கே ஒரு கோல்ஃப் மைதானம். உலகத்திலேயே பழையது என்கிறார்கள். அதில் ஒருமுறை விளையாடுவதற்காகப் பணக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்களாம். வேலி ஒன்றும் பெரிதாக இல்லை. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் கால் வைத்துவிட்டார். தொப்பி போட்ட ஒருவர் ஓடி வந்து, பந்து மேலே பட்டுவிடும், தயவு செய்து ஓரமாகப் போங்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். மரியாதை எல்லாம் அக்காவிடம் எடுபடவில்லை. தங்கின விடுதியில் சாப்பிடும்போதும் அதே புலம்பல். "புல்லுல நடந்தா இன்னா தேஞ்சா பூடும்? அங்க நம்ம மணல் கிரவுண்ட்ல கம்பி வேலி. இங்க கம்பியே இல்லாம வேலி. எங்க போனாலும் இதே பேஜாரு" என்றார்.

மணல் கிரவுண்டு என்று அவர் சொன்னது உங்களுக்குத் தெரிந்த இடம்தான். அக்காவின் தெருவுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த வெட்டவெளி. வலை உலர்த்த, கபடி ஆட, கடலுக்குப் போய்வர, சும்மா காற்று வாங்க எல்லாவற்றுக்கும் அதுதான். அது புறம்போக்கு என்றார்கள், குத்தகை என்றார்கள், ஒருநாள் கம்பி வேலி வந்தது. உள்ளே கண்டெய்னர்களை அடுக்கினார்கள். அதன் பிறகு தெருப் பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றுவழியில் லாரிகளுக்கு நடுவே போக வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை விடுதியிலிருந்து வெளியே வந்தோம். அக்கா நடுரோட்டில் நின்றுவிட்டார். முந்தின நாள் எங்களைத் தடுத்த அதே புல்வெளியில் ஊரே இறங்கியிருந்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு தாய்மார்கள், நாயோடு கிழவர்கள், விரிப்பைப் போட்டுத் தின்பண்டம் தின்னும் குடும்பங்கள். அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினார். "பாத்தியா நைனா! ஜனம் உள்ள பூந்துடுச்சி! நேத்து நம்மள வாணாம்னாங்க இல்ல, இன்னிக்கு ஊரே எறங்கிடுச்சி!" அவருக்குத் தெரிந்தவரை, அடைத்து வைத்த இடத்துக்குள் இத்தனை பேர் நுழைகிறார்கள் என்றால் அது நுழைவுப் போராட்டம். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

நான் சொல்லி நிறுத்துவதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். குளிருக்குப் போட்டிருந்த குரங்குக் குல்லாயோடு கையை உயர்த்தி, "உழைப்பவர் ஒற்றுமை ஓங்குக!" என்று முழங்கினார். பக்கத்தில் நாயோடு நின்ற கிழவர் தொப்பியைத் தொட்டு, காலை வணக்கம் சொன்னார். அக்கா அவரைத் தோழராகவே ஏற்றுக்கொண்டு கை குலுக்கினார். "இது எந்தச் சங்கம்னு கேளுடா" என்று கபிலனிடம் சொன்னார். ஷீலாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நான் புல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கபிலன்தான் விளக்கினான். இது போராட்டம் இல்லை அத்தை, இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊர் ஜனங்கள் வந்து உலாவுவார்கள், காலம் காலமாக அப்படித்தான் என்றான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மைதானத்தில் ஓர் ஓடையின் மேல் சின்னதாக ஒரு கல்பாலம் இருக்கிறது. போய் அதன்மேல் உட்கார்ந்தார். கட்டிக்கொண்டு போயிருந்த புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். ஷீலா ஒரு படம் எடுத்தாள். பிறகு அக்கா கபிலனிடம், "இத்த இவங்களுக்கு யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் குடுக்கல அத்தை. மொதல்லேருந்தே இது ஊருக்குப் பொதுவான நெலம்."

"அப்ப மணல் கிரவுண்டும் அப்படித்தானே?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? அவர்கள் ஊரில் நடக்கும், நம் ஊரில் நடக்குமா என்றேன். "ஏன், இங்க பொறந்தவன் இன்னா ரெண்டு மூக்கோட பொறந்தானா?" என்றார்.

வெளிநாடு போய்வந்தவர்கள் அங்கே ரோடு எப்படி, குப்பைத் தொட்டி எப்படி என்று பேசியே உயிரை வாங்குவார்கள். அக்கா அதையெல்லாம் பேசவே இல்லை. ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, தெருப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு அந்தக் கண்டெய்னர் யார்டின் கதவுக்கு முன்னால் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார். காவலாளி பதறினார். "நாங்க உள்ள வரல கண்ணு. ஞாயித்துக்கிழமை ஆச்சே, சும்மா வந்தோம்" என்றார். மீன்குழம்பு, சோறு, பல்லாங்குழி, பாட்டு. அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஒரு மழையில் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன்.

ஒருநாள் யார்டு மேனேஜர் பேசக் கூப்பிட்டார். இங்கிலீஷுக்காக என்னையும் இழுத்துக்கொண்டு போனார் அக்கா. தேவைப்படவில்லை, மேனேஜர் நல்ல தமிழ்க்காரர். பாதுகாப்பு, காப்பீடு, சட்டம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனில் அந்தக் கல்பாலத்துப் படத்தை எடுத்து நீட்டினார். மேனேஜர் கோல்ஃப் பிரியர் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? மனுஷன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார், அக்காவைப் பார்க்கிறார், மறுபடி படத்தைப் பார்க்கிறார்.

"இந்தப் பாலத்துல ஒரு தடவ நிக்கணும்னு ஆயுசு பூரா ஆசைப்படறவங்க இருக்காங்கம்மா. நீங்க அங்க உக்காந்து... என்ன அது, சாப்பாடா?"

"புளிசாதம் சார். ஞாயித்துக்கிழமை போனா நீங்களும் உக்காரலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவ்ளோ பெரிய கிரவுண்டே ஒரு நாள் ஜனத்துக்கு வுடுது. உங்க தகர டப்பா அதவிட ஒசத்தியா? வாரத்துல ஆறு நாள் நீங்க வச்சிக்கங்க. ஒரு நாள் எங்களுது."

அவர் சிரித்துவிட்டார். பார்க்கலாம் என்றார். அடுத்த ஞாயிறு பெரிய கதவு பூட்டியிருந்தது, பக்கத்துச் சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனோம். கடல் பக்கத்துப் பாதி மணலாகவே இருந்தது. பெண்கள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கபடிக்குக் கோடு கிழித்தார்கள். மீன்காரக் கன்னியம்மா அலையில் காலை வைத்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அன்றைக்கே நானும் அக்காவும் சண்டை போட்டுக்கொண்டோம். இந்த ஏற்பாட்டை எழுத்தில் வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு ஆள் மாறினால் கதவு மூடும் என்றேன். அவர் ஒரே பிடிவாதமாக மறுத்தார். "பேப்பர் வாங்கினா அவன் குடுத்தான்னு ஆயிடும் நைனா. அவன் குடுக்கல. குடுத்தவனுக்குத் திருப்பிக் கேக்கவும் உரிமை கீது" என்றார். அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்போடு வாழ்ந்தவன் நான், என்னால் அதை ஏற்க முடியவில்லை. நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் போனேன். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்து ஒரே கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் இருந்தவரை அந்தக் கதவு ஒரு ஞாயிறுகூட மூடவில்லை.

அவருடைய கடைசிப் பயணத்தையும் கண்டெய்னர் லாரிகள்தான் மறித்தன. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் லாரி வரிசை நகரவில்லை, எங்கள் வண்டியும் நகரவில்லை. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். தெருப் பெண்கள் யாரையும் கேட்கவில்லை. வண்டியைத் திறந்து, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே நடந்தார்கள். டிரைவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள். நான் பின்னால் ஓடினேன்.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சின்னக் கதவில் புதுப் பூட்டு. அந்த மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டாராம். காவலுக்குப் புதுப் பையன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, சொன்னதைச் செய்கிறான். "அந்தம்மா இருந்தாங்கன்னு திறந்து விட்டாங்களாம் சார். இப்ப அவங்க இல்லையே. உங்ககிட்ட பேப்பர் எதுனா இருக்கா?" என்று கேட்டான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது பலித்துவிட்டது. நான் சொன்னபடி எழுதி வாங்கியிருந்தால் இன்றைக்குக் கையில் காகிதம் இருந்திருக்கும். அக்கா, அன்றைக்கே சொன்னேனே என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பையனிடம் நான் சொன்னது வேறு. "பேப்பர் இல்ல தம்பி. இருந்தாலும் காட்ட மாட்டேன். இது நீங்க குடுத்தது இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். கன்னியம்மா என் பக்கத்தில் கூடையை இறக்கினார். "நைனாவே உக்காந்துட்டாரு. அப்பறம் இன்னா, பாயப் போடுங்கடி" என்றார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அன்று கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் திறக்கவில்லை. புது மேனேஜர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டார். காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து எப்போது கலைவீர்கள் என்று கேட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவோம் சார், அடுத்த வாரம் வருவோம் என்று உள்ளதைச் சொன்னோம். வழக்குப் போடுவார்களாம். போடட்டும். இத்தனை வயதுக்குப் பிறகு என்னை எங்கே மாற்றல் செய்துவிட முடியும்?

அம்மா நினைவாக ஏதாவது வேண்டுமா மாமா என்று அடக்கத்துக்கு வந்திருந்த ஷீலா கேட்டாள். கபடியில் வாங்கிய கோப்பைகள் இருக்கின்றன, படங்கள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். எதுவும் வேண்டாம் என்றேன். அக்கா எனக்கு விட்டுப்போனது ஒரு கிழமை. அதை நான் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.